பாண்டாக்: ஒரு மூலம், இரு வெளியீடுகள்

பாண்டாக் என்பது ஆவணங்களை ஒரு வடிவத்திலிருந்து மற்றொரு வடிவத்துக்கு மாற்றும் கட்டற்ற மென்பொருள். மெய்யியல் பேராசிரியரான ஜான் மெக்ஃபார்லேன் இதை 2006-ல் வெளியிட்டார். மார்க்டவுனில் எழுதிய ஒரே கோப்பிலிருந்து அச்சுக்குப் பிடிஎஃப்பும் இணையத்துக்கு எச்டிஎம்எல்லும் பெறலாம் என்பது இதன் முதன்மையான கவர்ச்சி. ஆனால் அந்த வசதி ஆவணத்தின் கட்டமைப்புக்குப் பொருந்தும் அளவுக்கு அதன் தோற்றத்துக்குப் பொருந்துவதில்லை.

இயல்பான வேறுபாடுகள்

இரு வெளியீடுகளும் எல்லா வகையிலும் ஒத்திருக்க வேண்டியதில்லை. பிடிஎஃப் பொதுவாக லாடெக் வழியாக உருவாகிறது. லாடெக்கின் அடிப்படையான டெக், முழுப் பத்தியையும் கணக்கிட்டே வரிகளை முறிக்கிறது. உலாவியோ திரையின் அகலத்துக்கேற்ப வரிகளை மாற்றுகிறது. அச்சில் பக்க அடியில் நிற்கும் அடிக்குறிப்பு, பக்கங்களே இல்லாத எச்டிஎம்எல்லில் ஆவணத்தின் இறுதிக்குப் போகிறது. இவற்றைக் குறையாகக் கொள்ள முடியாது.

உண்மையான குறை

நிறத்துக்கு மார்க்டவுனில் தனிக் குறியீடு இல்லை. எனவே பலர் லாடெக்கின் நிறக் கட்டளையை இடையில் செருகுகிறார்கள். ஓர் ஆய்வகக் கையேட்டில் "அடர் அமிலத்தில் நீரை ஊற்றாதீர்" என்ற வரியை இவ்வாறு சிவப்பாக்கினால், பிடிஎஃப்பில் அது பளிச்சென்று தெரியும். எச்டிஎம்எல்லில் நிறம் மட்டுமன்றி அந்த வரியே இராது. கட்டளையையும் அதன் அடைப்புக்குள் உள்ள சொற்களையும் ஒரே லாடெக் துண்டாகக் கருதி பாண்டாக் விட்டுவிடுகிறது. எச்டிஎம்எல்லின் ஸ்பான் குறியால் நிறமிட்டால் இழப்பு குறைவு: பிடிஎஃப்பில் நிறம் போகும், சொற்கள் நிற்கும்.

முக்கியமானது என்பதால்தான் ஒரு வரிக்கு நிறம் தரப்படுகிறது. அந்த முக்கியமான வரியே இணைய வாசகருக்குக் கிடைக்காமல் போகிறது. இயல்புநிலையில் பாண்டாக் இதுபற்றி எச்சரிப்பதும் இல்லை. விரிவான செய்திகளைக் கேட்டு இயக்கினால் மட்டுமே விடுபட்டதைத் தெரிவிக்கிறது. பிடிஎஃப்பை மட்டும் சரிபார்க்கும் ஆசிரியருக்கு இழப்பு தெரிய வாய்ப்பில்லை.

தீர்வும் அதன் எல்லையும்

தோற்றத்துக்குப் பதிலாகப் பொருளைக் குறிப்பதே சரியான வழி. அந்த வரிக்கு "எச்சரிக்கை" என்று ஒரு வகுப்புப் பெயர் இட்டு, எச்டிஎம்எல்லுக்கு சிஎஸ்எஸ் மூலமும் பிடிஎஃப்புக்கு லுவா வடிகட்டி மூலமும் நிறம் தரலாம். அப்போது நிறம் தவறினாலும் சொற்கள் தப்பும். ஆயினும் ஒரு வரியைச் சிவப்பாக்க நிரல் எழுதச் சொல்வது, எளிமைக்காக மார்க்டவுனை நாடியவருக்குச் சுமையே.

எல்லா வடிவங்களுக்கிடையேயும் முழுமையான மாற்றத்தை எதிர்பார்க்க முடியாது என்று பாண்டாக்கின் கையேடே ஒப்புக்கொள்கிறது. அது நேர்மையான கூற்று. ஆனால் தோற்றம் மாறுவது வேறு, உள்ளடக்கம் மறைவது வேறு. பின்னதை இயல்புநிலையிலேயே எச்சரிக்கையாகக் காட்டுவது மென்பொருளின் கடமை. அதுவரை இரு வெளியீடுகளையும் தனித்தனியே படித்துப் பார்ப்பதே எழுதுவோருக்குப் பாதுகாப்பு.