மறுதொடக்கமும் விளம்பர வாக்குறுதியும்

முன்னர் படமாக்கப்பட்ட அதிவீர நாயகன் ஒருவனின் கதையை, அப்படங்கள் தோன்றாதன போலக் கொண்டு, ஆதியிலிருந்து மீண்டும் படமாக்கும் வழக்கத்தை ஹொலிவூட்டில் மறுதொடக்கம் என்பர். இத்தகைய படத்தைச் சந்தைப்படுத்துவோர் ஏனைய படங்களுக்கு இல்லாத வினா ஒன்றுக்கு விடையிறுக்க வேண்டியவராவர். அறிந்த கதையை மீண்டும் ஏன் பார்த்தல் வேண்டும் என்பதே அவ்வினா. விடை படைப்பினுள் இருப்பின் விளம்பரம் அதனை எடுத்துக்கூறினாற் போதும். இல்லாவிடின் விளம்பரமே அதனைப் புனைய நேரிடும். 2012 இல் வெளிவந்த ‘தி அமேசிங் ஸ்பைடர்மான்’ இவ்விரண்டாம் நிலைக்குத் தக்க எடுத்துக்காட்டாகும்.

முதல் நிலைக்கு 2005 இல் கிறிஸ்டோபர் நோலன் இயக்கிய ‘பட்மான் பிகின்ஸ்’ படத்தைக் கூறலாம். 1997 இல் வந்த ‘பட்மான் அன்ட் ரொபின்’ விமர்சகரின் கடுங்கண்டனத்துக்கு உள்ளாகியிருந்தது. எட்டு ஆண்டுகளின் பின் வந்த நோலனின் படம், செல்வந்த இளைஞன் ஒருவன் பட்மானாக உருவாகிய வரலாற்றை முன்னைய படங்கள் கூறாத அளவு விரிவாகக் கூறிற்று. தலைப்பே தொடக்கத்தை அறிவித்தது. அங்கு விளம்பரமும் படைப்பும் ஒன்றையே பேசின.

ஸ்பைடர்மானின் நிலை வேறு. அவனைச் சிலந்தி கடித்ததையும் அவனுடைய பெரியப்பா கொல்லப்பட்டதையும் சாம் ரெய்மி 2002 இலேயே முழுமையாகப் படமாக்கியிருந்தார். 2007 இல் வெளிவந்த அவரது மூன்றாம் படம் உலகெங்கும் 89 கோடி டொலர் அளவில் ஈட்டியது. குறித்த திகதிக்குள் தமக்கு நிறைவளிக்கும் நான்காம் படத்தை ஆக்கவியலாது எனக் கண்டு ரெய்மி விலக, 2010 ஜனவரியில் சோனி நிறுவனம் மறுதொடக்கத்தை அறிவித்தது. இந்த அவசரத்தின் பொருளாதார அடிப்படை மனங்கொள்ளத்தக்கது. ஸ்பைடர்மான் மார்வல் நிறுவனத்தின் படைப்பு. குறித்த கால எல்லைகளுக்குள் புதிய படங்களைத் தயாரித்து வந்தால் மட்டுமே திரைப்பட உரிமை சோனியிடம் நிலைக்கும். எனவே, ‘மீண்டும் ஏன்?’ என்ற வினாவுக்கான விடையின் பெரும்பகுதி ஒப்பந்தத்திலேயே இருந்தது. அதனைச் சுவரொட்டியில் அச்சிட முடியாதல்லவா?

ஆகவே ‘சொல்லப்படாத கதை’ என்னும் தொடர் சுவரொட்டியில் இடம்பெற்றது. நாயகனின் பெற்றோர் மறைந்த மர்மம் முன்னிறுத்தப்பட்டது. அவனுக்கு நேர்ந்தது தற்செயலன்று எனக் குறிப்புணர்த்தும் வசனங்கள் முன்னோட்டத்தில் ஒலித்தன. திரையரங்கில் ஓடிய படத்திலோ அவ்வசனங்கள் இல்லை. பெற்றோரின் மர்மம் தொடப்பட்டு இடைநடுவே கைவிடப்பட்டது. இர்பான் கான் ஏற்ற பாத்திரம் பாலத்துக் காட்சியின் பின் காரணமின்றி மறைந்துவிடுகின்றது. எஞ்சியது பெரும்பாலும் முன்பே சொல்லப்பட்ட கதை. அன்ட்ரூ கார்பீல்டும் எம்மா ஸ்ரோனும் தோன்றும் காதற் காட்சிகளின் இயல்பும் உயிர்ப்புமே இப்படத்தின் மெய்யான புதுமை எனலாம். உண்மையான சிறப்பைக் கொண்டிருந்த படம் இல்லாத சிறப்பைக் கூறி விற்கப்பட்டது.

படம் ஏறத்தாழ 75 கோடி டொலர் ஈட்டியதே, இதில் தோல்வி யாது எனச் சிலர் வினவக்கூடும். முப்பரிமாணக் காட்சிக்கான மேலதிகக் கட்டணம் இருந்தும், அத்தொகை ரெய்மியின் மூன்று படங்களுள் எதனையும் எட்டவில்லை. பெற்றோரின் கதையை விரித்த 2014 ஆம் ஆண்டின் இரண்டாம் படம் 70 கோடியளவிலேயே நின்றது. இதற்குக் காரணங்கள் பல. முதற்படம் நிறைவேற்றாத வாக்குறுதியும் அவற்றுள் ஒன்று என்பதே எமது கருத்து. 2015 இல் சோனி மார்வலுடன் உடன்பாடு செய்தது. 2017 இல் வந்த ‘ஸ்பைடர்மான்: ஹோம்கமிங்’ சிலந்திக் கடியையும் பெரியப்பாவின் மரணத்தையும் மீளக் காட்டாது விட்டது. அதன் விளம்பரம் பள்ளி மாணவனான நாயகனை அயர்ன்மானின் அருகில் நிறுத்தியது. படமும் அவ்வுறவையே கூறிற்று.

விளம்பரத்தைப் படைப்புக்குப் புறம்பானதென ஒதுக்குவது விமர்சகர் சிலரின் வழக்கம். ஆயின், பார்வையாளன் வெறுமனே அரங்கினுள் நுழைவதில்லை. தனக்களிக்கப்பட்ட வாக்குறுதியுடனேயே நுழைகின்றான். 2012 இல் ‘சொல்லப்படாத கதை’க்கெனச் சீட்டு வாங்கியவன் அக்கதையைக் கேளாமலே வெளியேறினான். படத்தை மட்டும் எடைபோடும் விமர்சனம் அவனது ஏமாற்றத்தை விளக்காது. படத்தோடு அதன் வாக்குறுதியையும் ஒருங்கே வைத்து நோக்குதல் வேண்டும்.