சக்கரத்தில் கற்ற வர்ணமும் தறியில் பிறக்கும் வர்ணமும்

ஜவுளி வடிவமைப்பைப் போதிக்கும் பள்ளிகள் பலவற்றில் மாணவர் கைக்கு முதலில் வந்து சேர்வது நூலன்று, தூரிகையே. சிவப்பு, மஞ்சள், நீலம் என்னும் மூல வர்ணங்களைக் குழைத்துப் பன்னிரண்டு கூறுகளையுடைய வர்ணச் சக்கரம் ஒன்றைத் தீட்டி, அதில் எதிரெதிரே நிற்பவை எவை, அடுத்தடுத்து நிற்பவை எவை, மூன்று மூன்றாகச் சேர்ந்து இசைபவை எவை என்று மனனம் செய்து, அந்தக் கணக்கையொட்டிக் காகிதத்தில் கட்டங்களையும் கோடுகளையும் நிரப்பிப் பழகிய பின்னரே தறியின் பக்கம் செல்லும் பாக்கியம் அவருக்குக் கிட்டுகிறது. இந்தக் கிரமம் நெடுநாளாக நிலைபெற்றுவிட்டதால், இதற்கு மாறாகவும் கற்பிக்கலாம் என்ற எண்ணமே பலருக்கும் தோன்றுவதில்லை. இம்முறையின் குணங்களும் தோஷங்களும் ஒரே வேரிலிருந்து கிளைத்தவை என்பது என் கருத்து. அந்த வேரைக் காண இதன் பூர்வ சரித்திரத்தைச் சிறிது நோக்க வேண்டும்.

1704-ல் வெளியான தம் ஒளியியல் நூலில் நியூட்டன் நிறங்களை வட்டமாக அடுக்கிக் காட்டினார். ஆயினும், அருகருகே வைக்கப்பட்ட இரு வர்ணங்கள் ஒன்றையொன்று எவ்வாறு வேறாகத் தோன்றச் செய்கின்றன என்பதை விரிவாக ஆராய்ந்து விதியாக வகுத்தவர், ஓவியரும் அல்லர், ஒளியியல் அறிஞரும் அல்லர். சாயத் தொட்டிகளுக்கு மேற்பார்வையாளராக இருந்த ஓர் இரசாயன விஞ்ஞானி. மிஷேல் ஷெவ்ரல் 1824-ல் பாரிஸ் நகரின் கொப்லென் சித்திரத்திரை நெசவாலையில் சாயப் பகுதியின் தலைமையை ஏற்றபோது, அங்கே தோய்க்கப்படும் கறுப்புக் கம்பளி நூலுக்கு உரம் போதவில்லை, நீலத்துக்கும் ஊதாவுக்கும் நிழலாக நெய்யும்போது அது சோகை பிடித்தாற்போல் வெளிறித் தெரிகிறது என்ற புகார் எழுந்திருந்தது. அவர் வேறு பட்டறைகளில் தோய்த்த கறுப்பு நூலையும் தருவித்து ஒப்பிட்டார். நூலில் குறையில்லை, சாயத்திலும் குறையில்லை. பக்கத்தில் நின்ற நீலமும் ஊதாவுமே பார்ப்பவர் கண்ணில் கறுப்பின் மீது தத்தம் எதிர் வர்ணத்தின் சாயலைப் படரவிட்டு, அதன் ஆழத்தைக் குறைத்தன என்று கண்டார். பல ஆண்டுச் சோதனைகளின் பயனாக 1839-ல் அவர் வெளியிட்ட பெருநூல், அருகமைந்த வர்ணங்களின் முரண் பற்றிய விதியை உலகுக்கு அளித்தது.

இந்த வரலாற்றில் என் மனத்தை மிகவும் கவர்வது, ஒரு சித்தாந்தம் தொழிலாளிக்கு நியாயம் வழங்கியது என்பதே. வெளிறிய கறுப்புக்குச் சாயக்காரரைக் குறைகூறுவது எளிது. இன்றும் அது நாள்தோறும் நடக்கிறது. கடையில் துணியை விரித்துப் பார்ப்பவர் சாயம் மட்டம் என்கிறார். முதலாளி சாயப்பட்டறையை ஏசுகிறார். கழியை மறுபடி தொட்டியில் முக்குகிறார்கள். குற்றம் வர்ணங்களின் சேர்க்கையில் இருக்கலாம் என்று காட்டும் ஆற்றல் வர்ண சாஸ்திரத்துக்கு உண்டு. அதன் தலையாய குணமும் இதுவே. எந்த நிறமும் தனித்து நின்று தன் இயல்பைக் காட்டுவதில்லை, அண்டை நிறத்தோடு சேர்ந்தே அது தன் தோற்றத்தைப் பெறுகிறது என்ற ஞானத்தை ஒரு மாணவர் அடைந்துவிட்டால், அவர் பார்வை அதற்குப் பின் பழைய பார்வையாக இராது. நிறம் வேறு, அதன் ஒளிச்செறிவு வேறு என்று பிரித்துக் காணவும், இரண்டு வர்ணங்கள் பெயரளவில் மாறுபட்டும் வெளிச்சத்தில் சமமாக இருப்பதால் டிசைன் எடுபடாமல் மங்குவதைக் கண்ணைச் சுருக்கிப் பார்த்தே உணரவும் காகிதப் பயிற்சி கற்றுத் தருகிறது. இவை அற்பமான லாபங்கள் அல்ல.

ஆனால் நெசவாலையில் பிறந்த இந்தச் சாஸ்திரம் பிறந்த இடத்திலேயே தங்கவில்லை. அதை ஓவியர் எடுத்துக்கொண்டனர். அடுத்தடுத்த புள்ளிகளாக வண்ணம் தீட்டிய செராவின் படங்களுக்கு ஷெவ்ரலின் நூல் உரமாயிற்று. பிறகு ஜெர்மனியின் பௌஹவுஸ் பள்ளியில் 1919 முதல் போதித்த யோஹன்னஸ் இட்டன் வர்ண முரண்களை ஏழு வகையாகப் பகுத்துப் பாடமாக்கினார். அவரே பின்னாளில் கிரேஃபெல்டிலும் சூரிச்சிலும் ஜவுளிக் கல்விக் கூடங்களுக்குத் தலைமை தாங்கினார். அதே பௌஹவுஸில் பயின்று ஆசிரியரான யோசப் ஆல்பர்ஸ், வண்ணக் காகிதத் துண்டுகளைக் கொண்டே கண்ணுக்குப் பயிற்சி அளிக்கும் முறையை 1963-ல் நூலாக்கினார். இவ்விருவர் பணியும் பெருமதிப்புக்குரியது. ஆயினும், கம்பளி நூலிலிருந்து புறப்பட்ட அறிவு மறுபடி ஜவுளிப் பள்ளிக்குள் நுழைந்தபோது பசை வர்ணமாகவும் காகிதமாகவும் உருமாறி வந்தது. துணி என்பது பூசப்பட்ட பரப்பு என்ற அனுமானத்தையும் உடன் கொண்டு வந்தது. தோஷம் இங்கே தொடங்குகிறது.

துணி பூசப்பட்ட பரப்பன்று. பாவும் ஊடையும் மாறி மாறி மேலெழுந்து கீழிறங்கி அமைத்த நுண்ணிய புள்ளிகளின் கூட்டமே அது. இட்டனின் கொள்கைப்படி, இரு வர்ணங்களைக் குழைத்தால் நடுநிலையான சாம்பல் கிடைக்குமாயின் அவை தம்முள் இசைவுடையன. சிவப்பும் பச்சையும் அத்தகைய இணை. காகிதத்தில் இரண்டையும் அகலமான பட்டைகளாகத் தீட்டினால் ஒன்றையொன்று தூண்டிக் கொழுந்துவிட்டு எரிவது மெய்தான். அதே சிவப்பைப் பாவாக ஓட்டி, அதே பச்சையைத் தாரில் சுற்றி ஊடையாகக் கொடுத்து, மெல்லிய நூலில் சாதா நெசவாக நான்கு விரற்கடை நெய்து, கையை நீட்டித் தூரப் பிடித்துப் பாருங்கள். தனித்தனி இழைகளைப் பிரித்தறிய இயலாத கண் அவற்றின் சராசரியையே காண்கிறது. சாம்பல் பாரித்த பழுப்பு ஒன்று, உயிரற்றுக் கிடக்கிறது. இசைவுக்குப் பிரமாணமாகச் சொல்லப்பட்ட சாம்பல், நெய்தவர் கண்முன்னே பிரத்தியட்சமாக வந்து நிற்கிறது! சக்கரம் பொய் சொல்லவில்லை. எந்த அளவுள்ள பரப்புக்கு அந்த விதி செல்லும் என்பதைச் சொல்லாமல் விட்டது.

நெசவின் கட்டமைப்பும் வர்ணத்தின் அளவைத் தீர்மானிக்கிறது. சாதா நெசவில் பாவும் ஊடையும் ஏறக்குறையச் சரிபாதியாகத் தெரியும். ஐந்திழைச் சாட்டினில் மேல்முகத்தில் ஐந்தில் நான்கு பங்கு பாவும், ஒரு பங்கு ஊடையும் தெரியும். துணியைப் புரட்டினால் கணக்கும் புரளும். நூல் மாறவில்லை, சாயம் மாறவில்லை. சிவந்த முகமும் பசுமை ஓடிய முதுகுமாக ஒரே துணி இருவேறு வர்ணங்களைத் தாங்குகிறது. தூரிகை பிடித்த கை இதை ஒருநாளும் அறியாது.

நம் காஞ்சிபுரத்துத் தறிகளில் இந்தச் சிக்கலுக்குத் தலைமுறை தலைமுறையாக விடை இருந்து வந்திருக்கிறது. கிளிப்பச்சை உடலும் அரக்குக் கரையும் கொண்ட சேலை ஒன்றை எடுத்துக்கொள்வோம். உடலின் பச்சை ஊடையையே கரை வரை ஓட விட்டால், கரையிலுள்ள அரக்குப் பாவின் மீது பச்சை குறுக்கிட்டு, அரக்கின் கனத்தைத் தின்றுவிடும். கோர்வை முறையில் அவ்வாறு விடுவதில்லை. உடலுக்கு ஒரு நாடா, இரு கரைகளுக்கும் இரண்டு நாடாக்கள் என மூன்றைக் கொண்டு, உடல் ஊடை கரையின் எல்லையைத் தொட்டவுடன் அதைக் கரை ஊடையோடு கோத்துத் திருப்பிவிடுகின்றனர். இதற்காகத் தறியில் இரண்டாவது ஆள் ஒருவர் உடனிருந்து உழைப்பதும் வழக்கம். அதனால் அரக்கின் மேல் அரக்கும் பச்சையின் மேல் பச்சையுமே செல்கின்றன. முரண்பட்ட இரு வர்ணங்களும் கலங்காமல் எதிரெதிரே நின்று ஒன்றையொன்று ஒளிரச் செய்கின்றன. முந்தி வேறு நிறமாயின் அங்கே பாவையே மாற்றிப் பிணைக்கும் பெட்னி முறையும் இதே பலனைத் தருவது. இவ்வளவு நேரமும் கூலியும் செலவிட்டுக் காக்கப்படுவது வர்ணத்தின் தூய்மை என்பதை உணராமல், கோர்வையைப் பழமையின் அடையாளம் என்று மட்டும் போற்றுவது அதன் அறிவை மறைப்பதாகும்.

கலப்பதையும் அவர்கள் அறிவர். மயில் கழுத்து நிறத்தில் நீலமும் பச்சையும் குறுக்கும் நெடுக்குமாகக் கலக்கின்றன. சக்கரத்தில் அண்டை வர்ணங்களாதலால் அவை சாம்பலாவதில்லை. ஆனால் கொசுவத்தின் ஒவ்வொரு மடிப்பிலும் நீலம் முந்துவதும் பச்சை முந்துவதும் பட்டிழையின் பளபளப்பாலும் பார்வைக் கோணத்தாலும் நிகழ்பவை; அவற்றுக்குச் சக்கரத்தில் இடமில்லை. பகல் ஒளியில் பொருந்திய இரு சாயங்கள் குழல் விளக்கின் கீழ் பிரிந்து தெரியும் விஷயமும் அத்தகையதே.

இவ்வளவும் சொன்னதால், ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று சாஸ்திரத்தை ஒதுக்கிவிட்டு, நெசவாளரின் அனுபவமே போதும் என்று முடிவு கட்டுவோருடன் எனக்கு உடன்பாடில்லை. பரம்பரை அனுபவம் தான் கண்ட இணைகளை வழுவாமல் காக்கும். நூலின் பருமன் மாறினாலோ, புதிய சாயம் வந்தாலோ, ஜரிகையின் மெருகு குறைந்தாலோ, பழைய இணை ஏன் எடுபடவில்லை என்று விளக்கும் வகை அதற்கு எளிதில் வாய்ப்பதில்லை. காரணம் கேட்கும் பழக்கத்தைத் தருவது சாஸ்திரம். ஆகையால் நான் குறை காண்பது அதன் உண்மையில் அன்று, அதைக் கற்பிக்கும் வரிசையிலும் சாதனத்திலுமே.

வரிசையை மாற்ற ஒரு வழி கைத்தறியாளர் அறிந்ததே. பன்னிரண்டு வர்ணங்களைப் பட்டை பட்டையாகப் பாவில் ஓட்டி, அதே பன்னிரண்டையும் அதே வரிசையில் ஊடையாகக் கொடுத்தால் 144 கட்டங்கள் கிடைக்கும். அவற்றில் மூலைவாட்டில் அமையும் 12 கட்டங்கள் தூய வர்ணங்கள். எஞ்சிய 132 கட்டங்களில் 66 இணைகள் இருமுறை இடம்பெறும். பாவு நெருங்கி ஊடை நெகிழ்ந்திருந்தால் அந்த இரட்டைகளும் ஒத்திரா என்பதை மாணவர் தாமே காண்பார். அதற்குப் பின் ஷெவ்ரலையும் இட்டனையும் படித்தால், அவர்கள் சொல்வது எங்கே பொருந்துகிறது, எங்கே நழுவுகிறது என்று மடியிலுள்ள துணியைக் கொண்டே அவர் சோதித்துக்கொள்ளலாம். பாவு ஓட்டுவதற்குச் செலவும் காலமும் அதிகம், வர்ணப் புட்டிகளோ மலிவு என்ற ஆட்சேபம் எழும். அதில் நியாயம் உண்டு. ஆனால் மாணவர் ஒவ்வொருவருக்கும் தனிப் பாவு வேண்டியதில்லை. வகுப்பு முழுவதற்கும் நீளமான ஒரே பாவை ஓட்டி வைத்தால், அவரவர் முறை வரும்போது ஒருவர் சாதா நெசவிலும் ஒருவர் சாட்டினிலுமாகத் தத்தம் துண்டை நெய்து அறுத்துக்கொள்ளலாம்.