கெரிஸ் கழுவும் மாதம்

ஜாவானிய நாள்காட்டியின் முதல் மாதமான சுரோ பிறந்ததும், பெட்டிக்குள் கிடந்த கெரிஸ் என்னும் குறுவாள் வெளியே வருகிறது. அதைத் தேங்காய்த் தண்ணீரில் ஊறப்போட்டு, எலுமிச்சம்பழத்தால் தேய்த்துத் துருவை எடுக்கிறார்கள். அலகு வெளுத்தபின், எலுமிச்சைச் சாற்றில் கரைத்த ஆர்சனிக் பாஷாணத்தைத் தடவுகிறார்கள். இரும்பு கறுக்கிறது, அதனோடு மடித்து அடிக்கப்பட்ட நிக்கல் கறுப்பதில்லை. கருமையின்மேல் 'பாமோர்' என்னும் வெள்ளிக் கோலம் எழுகிறது. கடைசியில் வாசனை எண்ணெய் பூசி உறையில் இடுகிறார்கள். இந்தச் சடங்குக்கு ஜமாசான் என்று பெயர்.

கெரிஸை வெறும் ஆயுதமாகப் பார்த்தால் இதில் பாதி புரியாது. 'எம்பு' எனப்படும் கொல்லர் நோன்பிருந்து, வேண்டிக்கொண்டுதான் உலைமுன் அமர்வது மரபு. நெளிந்த அலகென்றால் நெளிவுகளின் எண்ணிக்கை ஒற்றைப்படையாக இருக்க வேண்டும். வாள் உறையில் புகுவதை, மனிதன் இறைவனோடு ஒன்றுவதற்கு உவமையாகச் சொல்வார்கள். மத்திய ஜாவாவில் 15ஆம் நூற்றாண்டின் சுக்கு கோயில் புடைப்புச் சிற்பத்தில் பீமன் கொல்லனாக அலகு அடிக்கிறான். அர்ச்சுனன் துருத்தி இயக்குகிறான். நடுவே பிள்ளையார் ஆடுகிறார். உலைக்களத்தையே சன்னிதியாகக் கண்ட மனம் அது. போரில் கெரிஸுக்கு வேலையில்லாமல் போனபிறகும் இந்தத் தொழில் பிழைத்திருப்பதற்கு அந்த மனமே பெரிய காரணம். இதை மூடநம்பிக்கை என்று ஒரே சொல்லில் தள்ள எனக்கு மனம் வரவில்லை.

ஆனால் அதே நம்பிக்கை கேடும் செய்கிறது. செல்வம் தரும், பதவி தரும் என்று அலகின் சக்திக்கு விலை பேசுகிறார்கள். புது அலகை அமிலத்தில் அரிக்கவிட்டுப் பழையது என்று விற்கிறவர்கள் உண்டு. கெட்ட ஆவிக்கு அஞ்சி, பாட்டன் வைத்துவிட்டுப்போன கெரிஸை ஆற்றில் விடுகிறவர்களும் உண்டு. வாங்குகிறவர் கண்ணிலும் சரி, வீசுகிறவர் கண்ணிலும் சரி, கொல்லரின் வேலைப்பாடு படுவதே இல்லை.

'பராரத்தோன்' என்னும் பழைய ஜாவானிய நூல் சொல்லும் கென் ஆரோக் கதையைச் சாபக் கதையாகவே எல்லோரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். கென் ஆரோக் கெரிஸ் செய்யச் சொன்னபோது எம்பு காண்ட்ரிங் அவகாசம் கேட்டார். அவன் பொறுக்கவில்லை. செய்து முடியாத கெரிஸாலேயே கொல்லரைக் குத்தினான். கொல்லர் இட்ட சாபப்படியே, பின்னர் அதே கெரிஸ் அவன் உயிரையும் குடித்தது. எனக்கு அதில் மந்திரத்தைவிட அவசரம்தான் தெரிகிறது. ஆளைக் கெடுத்தது இரும்பல்ல, பொறுமையற்ற கை.

ஜமாசானையும் மந்திரத்தை வைத்தல்ல, கை செய்வதை வைத்தே எடைபோட வேண்டும். ஆண்டுக்கொரு முறை பரம்பரைச் சொத்தை எடுத்துப் பார்க்கவைப்பது அதன் பெரிய நன்மை. ஆனால் ஒவ்வொரு கழுவலிலும் எலுமிச்சை அமிலம் இரும்பில் கொஞ்சத்தைத் தின்கிறது. தலைமுறைகளாகக் கழுவப்பட்ட அலகின் விளிம்பு காகிதமாய் மெலிகிறது, பாமோரும் தேய்கிறது. பாஷாணமோ கழுவுகிறவர் உடம்புக்கே நஞ்சு.

யுனெஸ்கோ 2005இல் கெரிஸை மனிதகுலத்தின் மரபுச் செல்வமாக அறிவித்தது. அந்தச் செல்வம் நிலைக்கவேண்டுமென்றால், துரு ஏறாத பழைய அலகுகளுக்கு ஆண்டுதோறும் அமிலமும் பாஷாணமும் வேண்டாம். சுரோ மாதத்தில் வெளியே எடுத்து, பிள்ளைகளுக்குக் காட்டி, எண்ணெய்த் துணியால் துடைத்து உறையில் இட்டால் போதும்.