சாமி டீ பாட்

நெய்வேலி டவுன்ஷிப்பில் ஒரு கல்யாணம். வரவேற்பு மேஜையில் வெள்ளிப் பன்னீர்ச் சொம்பு. கவிழ்த்துப் பார்த்தேன் (சட்டையெல்லாம் பன்னீர்). அடியில் கடை முத்திரை இருந்தது. செய்தவர் பெயர் இல்லை.

இந்தக் கெட்ட பழக்கம் வித்யா தெஹேஜியாவின் 'டிலைட் இன் டிசைன்' (2008) படித்ததால் வந்தது. பிரிட்டிஷ் காலத்து இந்திய வெள்ளிச் சாமான்களைப் பற்றிய புத்தகம். அதில் நம்மூர்ப் பங்கு 'சாமி வெள்ளி'. வாட்ச்சுக்குப் பேர்போன மவுண்ட் ரோடு பி.ஆர் அண்ட் சன்ஸ் (ஆரம்பம் 1849) வெள்ளைக்காரர்களுக்கு விற்றது. டீ பாட், பால் ஜாடி, சர்க்கரைக் கிண்ணம், எல்லாவற்றின் வயிற்றிலும் வாகனமேறி ஊர்வலம் போகிற சாமிகள்!

லேசான வேலையில்லை. தகட்டை உள்ளேயிருந்து தட்டிப் புடைக்க வைத்து, பாத்திரத்துக்குள் அரக்கு நிரப்பி, வெளியே சிற்றுளியால் கண், மூக்கு, நகைநட்டு எல்லாம் கொண்டுவர வேண்டும். அழகா என்றால், எனக்குக் கொஞ்சம் நெரிசல்தான். மூக்கும் பிடியும் இங்கிலீஷ், நடுவில் தேர்த்திருவிழா. கண்ணுக்கு உட்கார இடமில்லை. ஆனால் அந்த முகங்கள்! டீ குடிக்கப்போகும் துரைக்கு எந்தச் சாமி என்றே தெரியாது. இது போதும் என்று ஆசாரி விட்டிருக்கலாம். விடவில்லை.

இன்னொரு டீ பாட் பாஸ்டன் மியூசியத்தில், ஓவியமாக இருக்கிறது. 1768-ல் ஜான் சிங்கிள்டன் காப்லி வரைந்தது. பால் ரிவியர் என்ற வெள்ளித் தட்டார், கோட்டுகூடப் போடாமல், கையில் டீ பாட்டும் எதிரே செதுக்கும் கருவிகளுமாக நம்மைப் பார்க்கிறார். அதே வருஷம் அவர் செய்த 'சன்ஸ் ஆஃப் லிபர்ட்டி' கிண்ணமும் அங்கேதான். இங்கிலாந்துக்குப் பணிய மறுத்த 92 சட்டசபை உறுப்பினர்களின் நினைவாகச் செய்தது. எழுத்து வேலையைத் தவிர அலங்காரம் அதிகமில்லை. கீழே 'ரிவியர்' முத்திரை. (அவர் பட்டறைப் பையன்கள் பெயர் அங்கேயும் காணோம்.)

அமெரிக்கா வரை போவானேன்? கட்ச் ஆசாரி உமர்சி மாவ்ஜி தன் சாமான்களில் 'ஓ.எம். புஜ்' என்று குத்தினார். நம் மெட்ராஸ் டீ பாட்டைக் கவிழ்த்தால் 'பி.ஆர்' மட்டும். தெஹேஜியாவைக் குறைசொல்லிப் பயனில்லை. முத்திரையிலேயே இல்லாத ஆளை எங்கே போய்த் தேடுவார்?

பெண்ணின் மாமாவிடம், 'இது யார் செஞ்சது சார்?' என்றேன்.

'கும்பகோணத்துல வாங்கினோம்.'

'சரி, செஞ்சது?'

'அதான் சொல்றேனே, பில்லுகூட இருக்கு!'