ஆடை எண்ணும் பெயரிலக்கணமும்

விளையாட்டு வீரரின் மேலாடையிற் பொறிக்கப்பெறும் எண் ஆளின் பெயரோ, அவர் நிற்கும் இடத்தின் பெயரோ? வீரர் வரலாறு கூறும் நூல்கள் இவ்வினாவைப் பெரும்பாலும் எழுப்புவதில்லை. எண்ணைப் பிறந்தநாளோடும் நற்பேற்றோடும் பிணைத்து ஓரிரு வரிகளில் முடித்துவிடுகின்றன. பெயர்களை இடுகுறி, காரணம் எனப் பகுத்தாராயும் மரபில் வந்த எமக்கு அது நிறைவளிப்பதன்று.

உடுமலைப்பேட்டை வட்டத்து அமராவதி நகர், 1962-இல் தொடங்கப்பெற்ற சைனிக் பள்ளியால் அறியப்படும் ஊர். அஃது அமைந்துள்ள திருப்பூர் மாவட்டமோ பனியன் தொழிலுக்குப் பெயர்பெற்றது. அங்குள்ள பிரிண்டிங் பட்டறையில் 0 முதல் 9 வரை பத்துச் சட்டங்கள் இருப்பின் எவ்வெண்ணையும் அச்சிட்டுவிடலாம். அச்சிடுவோர்க்கு 7 ஓர் இலக்கம். அதனை அணிந்து அமராவதி நகரில் மட்டை பிடிக்கும் சிறுவனுக்கோ அது தோனி. இலக்கம் ஆளாகிய வரலாற்றையே நூல்கள் கூறியிருத்தல் வேண்டும்.

கால்பந்தில் எண் முதலில் அடையாளம் மட்டுமே. 1933-ஆம் ஆண்டு இங்கிலாந்துக் கோப்பை இறுதியாட்டத்தில் எவர்ட்டன் அணியினர் 1 முதல் 11 வரையும், மான்செஸ்டர் சிட்டியினர் 12 முதல் 22 வரையும் அணிந்தனர். பின்னர் 1 கோல் காப்பவர்க்கும், 9 நடு முன்னணி ஆட்டக்காரர்க்கும், 11 இடப்புறத்தார்க்கும் உரியவாயின. இவை காரணப்பெயர்கள் என்பது தெளிவு. ஆனால் 1958 உலகக் கோப்பையில் பிரேசிலின் கோல் காப்பவர் கில்மார் 3 அணிந்தார். 17 வயதுப் பெலேயின் முதுகில் இருந்தது 10. இடுகுறி போல் வந்த அந்த 10, பெலேயின் ஆட்டத்தாற் காரணம் பெற்றது. காரணம் பெயருக்கு முற்படும் என்பர்; ஈண்டு அது பிற்பட்டது.

கிரிக்கெட்டின் நிலை வேறு. சி. எல். ஆர். ஜேம்ஸ் 1963-இல் வெளியிட்ட புகழ்பெற்ற நூலில் வீரரை நடையாலும் மட்டை வீச்சாலுமே அறிகின்றோம். எண் அன்று இல்லை, அதனாற் குறையும் இல்லை. 1999 உலகக் கோப்பையில் அணித்தலைவர்க்கு 1 என்பது பொதுவழக்கு. தென்னாப்பிரிக்காவின் குரோனியே 5 அணிந்து விலகி நின்றார். டெஸ்ட் ஆட்டத்தில் எண் புகுந்தது 2019-இல்தான். கிரிக்கெட்டில் எண்ணுக்கு இடமில்லை, ஆளே உண்டு. தம் 7 பிறந்த நாளால் வந்தது, மூடநம்பிக்கையால் அன்று எனத் தோனியே 2022-இல் விளக்கினார். அதன் பின்னரும் நற்பேற்றுக் கதை எழுதுவோரை என்னென்பது!

எண் ஆளுக்கே உரியதாயின் ஆள் சென்றபின் அஃது என்னாவது? 2017-இல் ஷர்துல் தாக்கூர் டெண்டுல்கரின் 10-ஐ அணிந்தார், இரசிகர் சினந்தனர், அவர் 54-க்கு மாறினார். நம் சங்கப்பாடல்களில் இரு மரபுகள் உள. மாண்ட வீரனுக்குப் பெயரும் பீடும் எழுதிய நடுகல் ஒன்று. முன்னைப் போர்களில் உறவினரை இழந்த ஒக்கூர் மாசாத்தியாரின் மறக்குடி மகள், ஒரே மகன் கையில் வேல் கொடுத்து விடுப்பது மற்றொன்று. இரசிகர் 10-ஐ நடுகல்லாக்கினர். இளைஞன் கையில் வேலாகியிருத்தல் வேண்டும் என்பதே எம் கருத்து.

ஒதுக்குதல் எங்கும் தவறு என்பதன்று. நிறத்தடையை 1947-இல் உடைத்த ஜாக்கி ராபின்சனின் 42, அமெரிக்கப் பெரும் பேஸ்பால் அணிகள் அனைத்திலும் 1997-இல் ஒதுக்கப்பட்டது. எனினும் 2009 முதல் ஆண்டுதோறும் ஏப்ரல் 15 அன்று ஆடுவோர் அனைவரும் 42-ஐயே அணிகின்றனர்.