பனம்பாத்தி

கரட் வேண்டுமென்றால் நுவரெலியாவிலிருந்து லொறியில்தான் வரவேண்டும். அந்தக் குளிர் களுவாஞ்சிக்குடியில் இல்லை. ஆனால் நுனி கூர்ந்து மண்ணுக்குள் நேரே இறங்கும் கிழங்கொன்று கடலுக்கும் வாவிக்கும் நடுவே கிடக்கும் இந்த மணலுக்கென்றே வாய்த்திருக்கிறது. பனங்கிழங்கைத்தான் சொல்கிறேன்.

ஆவணி, புரட்டாதியில் விழும் பனம்பழத்தைப் பிசைந்து களி எடுத்தபின் விதையை எறியமாட்டார்கள். வளவின் ஒரு பக்கத்தில் மணலைக் குவித்துப் பாத்தி கட்டி, விதைகளை நெருக்கி அடுக்கி, மேலே மணல் மூடுவார்கள். அந்தப் பாத்தியின் உயரத்தில்தான் வித்தை முழுவதும் இருக்கிறது. பனை முளைக்கும் விதம் அலாதியானது. விதையிலிருந்து புறப்படும் முளை மேலே எழாமல் முதலில் கீழே போகும்; போய், விதைக்குள் இருக்கும் சத்தை இழுத்துக் கிழங்காகத் திரளும். கீழே இறுகிய தரை தட்டினால் கிழங்கு குட்டையாகிக் கோணிவிடும். பொலபொலவென்ற மணல் ஆழமாக இருந்தால் நெடுநெடுவென்று இறங்கும். ஐப்பசியில் தொடங்கும் மாரிமழையே தண்ணீர் வார்த்துவிடும். மணலில் அது தேங்கி நிற்காததால் அழுகலும் குறைவு.

தை, மாசியில் பாத்தி கிண்டலாம். நாள் பார்ப்பதில்தான் கைதேர்ந்தவர் யார் என்று தெரியும். ஓலை வெளியே விரியும்வரை விட்டால் சத்து அதற்குப் போய்க் கிழங்கில் தும்பு ஏறிவிடும். மேலிருந்து பிடித்து இழுத்தால் கிழங்கு முறியும். ஆகவே பாத்தியின் பக்கத்தைச் சரித்து, மணலை விலக்கி எடுக்கவேண்டும். முந்திக் கிண்டினால் விதைக்குள் பூரான் என்ற மெதுவான பருப்பு இருக்கும். அது சிறுவர்களின் பங்கு.

பச்சைக் கிழங்கு அதிக நாள் தாங்காது. அதனால் பச்சையாகவே தோலுரித்து, கிழித்துக் காயவைத்தால் ஒடியல். அவித்துக் காயவைத்தால் புழுக்கொடியல். வளைந்தால் இன்னும் வெயில் வேண்டும், முறிந்தால் டின்னில் போடலாம். ஈரம் மிஞ்சினால் பூஞ்சணம் பிடிக்கும்.

ஒடியலை இடித்து, மாவை ஊறவைத்துக் கசப்பை வடித்தபின் பிட்டும் கூழும் ஆக்குவார்கள். 1978இல் உருவான பனை அபிவிருத்திச் சபையின் காலத்தில் ஒடியல் மா பொதியாகவும் கிடைக்கிறது. இருந்தாலும் வீட்டில் காய்ந்த புழுக்கொடியலைத் தேங்காய்ச் சொட்டோடு மெல்ல மெல்ல, முதலில் ஒன்றுமில்லாததுபோலிருந்து பிறகு மெதுவாக ஊறிவருமே ஓர் இனிப்பு, அதை எந்தப் பொதியிலும் நான் கண்டதில்லை.