10 மடங்கு வேகம்: மிச்சம் யாருக்கு?

2025 ஜூலையில் நெட்ஃபிளிக்ஸின் டெட் சரண்டோஸ் ஒரு கணக்கு சொன்னார். அர்ஜென்டினத் தொடரான 'எல் எட்டர்னாட்டா'வில் கட்டடம் இடிந்து விழும் காட்சியை ஏஐ கொண்டு செய்தார்களாம். வழக்கமான விஎஃப்எக்ஸைவிட 10 மடங்கு வேகம்; அந்த பட்ஜெட்டுக்கு வேறு வழியும் இல்லையாம்.

சரி, அந்தக் காட்சியால யார் வேலையும் போகலைன்னே வச்சுக்குவோம். ஆனா மிச்சமாகிற நேரம் யார் கைக்குப் போகும்? அதுதான் கேள்வி.

இந்தத் துறையின் பழைய வரலாறு நம்பிக்கை தரவில்லை. பெரும்பாலும் மொத்த விலை பேசித்தான் வேலை எடுக்கிறார்கள். திரும்பத் திரும்ப மாத்தச் சொன்னாலும் நஷ்டம் ஸ்டூடியோ தலையில்தான். 'லைஃப் ஆஃப் பை' படத்தின் விஎஃப்எக்ஸ் 2013 பிப்ரவரியில் ஆஸ்கர் வாங்கியது. அதைச் செய்த ரிதம் அண்ட் ஹ்யூஸ், சில நாள் முன்னாடிதான் திவால் மனு போட்டிருந்தது. அப்போ ஏஐ-யைக் குறை சொல்லவும் வழியில்லை.

"சலிப்பான வேலைதானே போகுது" என்பது அடுத்த சமாதானம். ஃப்ரேம் ஃப்ரேமாக உருவத்தை வெட்டியெடுக்கும் ரோட்டோ, கயிறு கம்பியை அழிக்கும் பெயின்ட். ஹாலிவுட் படங்களுக்கான இந்த வேலைகள் நிறையவே இந்தியாவில் நடக்கின்றன. சலிப்புதான், மறுக்கல. ஆனா புதுசா வர்ற பசங்க உள்ளே நுழையற வாசல் அது. முடியின் ஓரம் எப்படி மங்குது, வேகமா அசையற கை எங்கே கரையுதுன்னு கண்ணு பழகுறதும் அங்கேதான். அந்தப் படியை எடுத்துட்டா, ஏஐ செய்த ஷாட்டில் தப்பு எங்கேன்னு சொல்ல நாளைக்கு ஆள் எங்கிருந்து வரும்?

கருவி வரட்டும். மிச்சமாகும் நேரத்தில் ஒரு பங்கு புதியவர்களின் பயிற்சிக்கு என்று ஒப்பந்தத்தில் எழுதினால்தான், 10 மடங்கு என்ற கணக்கு முழுக் கணக்காகும்.